தேய்த்து எடுத்த பேர்

கார்த்திகை 14, திங்கள்.

முடிச்சூரிலிருந்து பாலிஷுக்கு வந்த கட்டிலின் தலைமாட்டில் இரண்டு கிளிகள், நடுவே 'சுமதி' என்று செதுக்கிய பேர். "பேரை மட்டும் தேய்ச்சு எடுத்துடுங்கக்கா, அவ போய்ட்டா" என்றார் கொண்டுவந்தவர். மனைவி இறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். இன்று காலை முழுக்க உப்புத்தாள் போட்டு, தடயமே இல்லாமல் வழுவழுப்பாக்கி, மதியம் கடைசிக் கோட்டு பாலிஷும் அடித்து முடித்தேன்.

மாலையில் ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, நான் சுமதி. கிளி கட்டில் எங்களுதுதான். என் பேர்மேல நல்லா பாலிஷ் போடுங்க, என்ன?"

"சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

மனம் கேட்காமல் சற்றுமுன் அதே நம்பருக்குக் கூப்பிட்டேன். கட்டிலைக் கொண்டுவந்த அவள் கணவர்தான் எடுத்தார்.

"அவ தூங்குறா. கட்டில் ரெடியாக்கா?"

"இன்னும் ஒரு கோட்டு பாக்கி சார்" என்று பொய் சொன்னேன்.

விடிந்ததும் முடிச்சூர் போய் அவளைப் பார்த்தாக வேண்டும்.