பின்சீட்டில் இருந்தவள்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்குச் சளி விட்டதா? ஃபோனில் கேட்கலாம்தான். அத்தான் எடுத்துவிட்டால் எனக்கு "ம்" என்பதைத் தவிர வேறெதுவும் வராது. அதனால்தான் கடிதம். சிரிக்காதே.

போன வாரம் நாம் சிக்னலில் நின்றிருந்தபோது உங்கள் காரை அந்த வெள்ளைக் கார் பின்னாலிருந்து இடித்ததும், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூச்சத்தில், "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டேன். அப்போது நிஜமாகவே ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இப்போது வலதுகைக் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. ஊசி கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கடையில் டெய்லர் மாஸ்டர், "என்னம்மா, ஊசிக்கும் உனக்கும் சண்டையா?" என்கிறார். இன்னும் கோபப்படவில்லை. படுவார்.

அம்மாவிடம் சுளுக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும், இன்சூரன்ஸில் சொல்லுங்கள் என்றார்கள். அத்தானிடம் கேட்டுச் சொல்கிறாயா?

உன் தங்கை,
பூச்சி

மார்ச் 11

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு கேட்கவில்லை. அத்தானிடம் சொன்னேன். "பம்பர் லேசா நசுங்கினதுக்குக் கழுத்து எப்படி நசுங்கும்? எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லல்ல?" என்கிறார். அடிபட்டிருந்தால் அன்றைக்கே வலித்திருக்குமாம்.

இன்னொன்று. கோபப்படாதே. நீ அப்போது பெல்ட் போட்டிருக்கவில்லை அல்லவா? ஒருத்தர் போடாவிட்டாலும் யாருக்கும் எதுவும் கிடைக்காது என்று அவர் ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் காரில் நாங்கள் இருவரும் குழந்தையும் மட்டும்தான் இருந்தோம் என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். தைலம் தேய்த்துப் பார். கனம் தூக்காதே.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படியானால் நான் அந்தக் காரிலேயே இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை. எங்கே போனாலும் நான் இருப்பதை மறந்துவிடுவார்கள், பழக்கம்தான். இந்தத் தடவை கழுத்து மறக்க மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியில் உதவி மேசையில் இருந்த ஒரு அம்மாளிடம் போய் நின்றேன். என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அவரே, "உக்காரும்மா, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார். காருக்கு அடி குறைவென்றால் ஆளுக்கும் குறைவு என்று கணக்கில்லையாம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசையும் நரம்பும் தெரியாதாம். வலி சில நாள் கழித்து வருவதும் உண்டாம். பெல்ட் போடாததற்காக இங்கே தொகையைக் குறைக்கலாமாம். அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டார்களாம். தரப்போவதும் வெள்ளைக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி. அத்தான் பையிலிருந்து எதுவும் போகாது.

"ஆனா நீ கார்ல இருந்தது அவங்களுக்குத் தெரியணுமே" என்றார்.

மாஸ்டர் என்னைப் பொத்தான் காஜா வேலையிலிருந்து மாற்றித் துணி மடிக்க விட்டிருக்கிறார். அதற்குத் தனி ஆள் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டவள் நான். இந்தக் கையும் போனால் எதை வைத்துக்கொண்டு நிற்பேன்? அத்தானைத் திருத்தி எழுதச் சொல், அக்கா.

பூச்சி

மார்ச் 20

பூச்சி,

சொன்னேன். "இப்பப் போய் மாத்தினா என்னைப் பொய்யன்னு சொல்லுவாங்க. உன் தங்கச்சிக்குப் பணம் வேணும்னா நேரா எங்கிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்று கத்துகிறார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோகிறார். நான் இந்த வீட்டில் இருக்க வேண்டியவள். விட்டுவிடேன், கண்ணு.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நானே அந்தக் கம்பெனிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்றார். "அந்தக் கார்ல நானும் இருந்தேன்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதெல்லாம் சுட்டது. ஆனால் நான் நகரவில்லை.

"இந்தப் பேப்பர்ல நீ இருந்ததா இல்லையே, யாருக்குத் தெரியும்?" என்றார். அத்தானைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. முன்சீட்டில் என் அக்கா இருந்தாள், அவளைக் கேளுங்கள் என்றேன். வீட்டுக்கே ஆள் வந்து கேட்பாராம். நீ திடுக்கிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீ என்ன சொன்னாலும் நான் உன் தங்கைதான்.

பூச்சி

ஏப்ரல் 2

பூச்சிக்கு,

வந்தார். அத்தானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பின்சீட்டில், குழந்தைக்குப் பக்கத்தில், என் தங்கை இருந்தாள் என்றேன். ஏன் பெல்ட் போடவில்லை என்று கேட்டார். போட்டுத்தான் இருந்தாள், குழந்தை வீறிட்டது, கழற்றிவிட்டு அவனைத் தூக்கு என்று நான்தான் சொன்னேன் என்றேன். இதை நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

அத்தான் என்னோடு பேசுவதில்லை. முறைப்பாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்; அது அழ ஆரம்பித்ததும் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனார். பேசும்போது பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் பஸ்ஸில் வருகிறோம். நிறுத்தத்துக்கு வா. அவனைத் தூக்க வேண்டாம். சும்மா வந்து நில்.

அக்கா