ஒரே இரும்புக்கு இரண்டு நீதிமன்றம்

இஞ்சேருங்கோ, என்ரை சீனிக் கள்ளரே,

இன்றைக்கு மொன்றியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குண்டு வைத்தவர்களுக்குக் காசு போக வழிவிட்டது ஒரு வெளிநாட்டு வங்கிதான் என்று, உங்களுக்கும் எனக்குமாக நான் போட்ட வழக்கில்தான். வங்கி செய்ததா இல்லையா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. அதை இந்த ஊரில் கேட்கலாமா என்று தீர்மானிக்கவே இவ்வளவு காலம் போய்விட்டது.

வாசலில் சோதனைக் கருவி என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கத்தியது. காவலாளி நான் இன்னும் கழற்றாத தாலியைச் சுட்டிக் காட்டினான். "அதில்லைத் தம்பி" என்று தமிழிலேயே சொல்லித் தோளைத் தொட்டேன். நம் மகள் ஆரணி பிரெஞ்சில் விளக்கினாள். எடுத்தால் கை வழங்காமல் போய்விடும் என்று டொக்டர்மார் உள்ளேயே விட்ட இரும்புத்துண்டு அது. இங்கத்தைக் குளிருக்கு எலும்பைக் கடிக்கிறது.

உள்ளே வங்கியின் சட்டத்தரணி எழும்பினான். குண்டு வெடித்தது அங்கே, மனிதர் செத்தது அங்கே, அங்கே போய் வழக்காடட்டும் என்றான். எந்த ஊர் தெரியுமா? தங்கச்சியின் கலியாணத்துக்குப் போகும் வழியில், விமானம் மாற ஒரு இரவு தங்கினோமே, அந்த ஊர். அதன் பெயர்கூட என் வாயில் வராது. அங்கே நான் கண்டது ஒரு கட்டிலும், ஒரு சாப்பாட்டு மேசையும், உங்கள் இரத்தமும்தான். நாசமறுவார்! பாய்ந்து அவன் குரல்வளையைப் பிடித்திருப்பேன். ஆரணி என் சீலைத் தலைப்பை விடவில்லை.

தீர்ப்பு இதுதான். என் காயத்தின் வலி இங்கே தொடர்வதால் என் வழக்கை இங்கே விசாரிக்கலாமாம். உங்கள் சாவு அங்கேயே முடிந்துவிட்டதால், அதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லையாம்.

"அம்மா, வழக்கிலை பாதி வெண்டிட்டம்" என்றாள் ஆரணி.

"எந்தப் பாதியடி? உன்ரை அப்பரை வெளியிலை விட்டிட்டு எனக்கென்ன பாதி?" மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நின்று கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பிறகு, பிள்ளை தாங்கமாட்டாள் என்று இதுவரை மறைத்ததை அங்கேயே சொன்னேன். "சீனி வருத்தக்காரருக்கு என்னத்துக்குச் சீனி, கையை எடுங்கோ" என்று நான் ஏச, நீங்கள் சிரித்துக்கொண்டே சீனியை எட்டி எடுக்க என் பக்கம் சாய்ந்தீர்கள். அந்த நேரம்தான் வெடித்தது. உங்கள் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்த இரும்புதான் என் தோளில் இருக்கிறது. உங்கள் நீலச் சட்டைத் துணியை என் சதைக்குள்ளிருந்துதான் பிடுங்கி எடுத்தார்கள். உங்களுக்கு நான் கடைசியாகச் சொன்ன சொல்லும் ஏச்சாய்ப் போச்சே, என்ரை ராசா!

ஆரணி என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பேந்து கேட்டாள்: "இதை நீதவானுக்கும் சொல்லுவீங்களோ?"

ஓம், சொல்லுவேன். உங்களுக்குத்தானே கதவை அடைத்தார்கள்? என் வழக்கு விசாரணைக்கு வரட்டும். கூண்டில் ஏறி என் காயத்தை முதலிலிருந்து சொல்வேன். அது உங்கள் நெஞ்சில்தான் தொடங்குகிறது. உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் ஏசிக்கொண்டிருக்கும்
உங்கள் ஆரணியின் அம்மா