மாட்டுக் கொட்டாய்க்கு அடித்த சுண்ணாம்பு

சண்டைக்காக வெள்ளைக்காரன் மொரப்பூர்ச் சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிப்போன மறுவருசம் அது. பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனம் ஊர் ஊராக ஓடிவந்த வருசம். மச்சான், இன்று பொங்கலுக்குச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் போய்ச் சேர்ந்து பல வருசமான நீ கண்முன் வந்து நின்றாய். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

தர்மபுரியில் நம் வண்டிக்காரச் சந்துக்கு அப்போது யார் வருவார்கள்? வாசலுக்கு வாசல் மாடு, சாணி, ஈ. வரிசை வீடுகள் அத்தனையும் ஒருவருடையவை. வேறு யாரும் குடிவர மாட்டார்கள் என்பதால் அவர் நம்மைத் தொந்தரவு செய்ததில்லை.

அந்தப் பட்டணத்துக் குடும்பம் சத்திரத்தில் இடமில்லாமல் உன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது. சின்னப் பெண் குழந்தைக்கு விடாத இருமல். நீ மாடுகளை என் வாசலில் கட்டிவிட்டு, கொட்டாயைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாய்.

"என்ன மச்சான், மாட்டுக்குக் கல்யாணமா?"

"உன் வாய்க்கு ரெண்டு பூச்சு பூசுனாத்தான் அடங்கும். வந்தவங்க மூச்சு வுடட்டும்டா, வாளியப் புடி."

உன்னைப் பார்த்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையை ஒழித்து, வெள்ளையடித்து, வந்தவர்களுக்கு விட்டோம். சாணியை விடியுமுன் அள்ளினோம். அதுதான் வினையாயிற்று. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் சந்து முனையிலேயே நின்றுவிட்டார். "இவ்ளோ நல்லாவா இருக்குது நம்ம வூடுங்க!" அடுத்த மாதமே, மாடு கட்டுகிறவர்கள் காலி செய்யவேண்டும் என்று ஆள் விட்டார்.

"பொறந்த வூடுங்க. மாட்ட வெளிய கட்டிக்கிறேனுங்க" என்று அவர் முன்னால் போய் நின்றாய். அவர் முகம் கொடுக்கவில்லை.

ஏரிக்கரைக்கு அப்பால் குடிசை போட்டோம். சண்டை முடிந்து பட்டணத்துக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். நம்மை யாரும் கூப்பிடவில்லை. குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் குடிவந்தார்கள். பென்னாகரத்துப் புளி ஏற்றி வரும்போதெல்லாம் உன் மாடுகள் சந்து முனையில் தாமாகத் திரும்பும். நீ கயிற்றைச் சுண்டமாட்டாய். இறங்கி, கொம்பைப் பிடித்து நேராக்குவாய். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுவாய்.

"அன்னிக்கு அவங்கள சேக்காம இருந்திருந்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொழந்த இருமுச்சுடா" என்றாய்.

இப்போது சந்துக்கு வேறு பேர். உன் கொட்டாய் இருந்த இடத்தில் மாடி. அங்கே வண்டிக்காரர்கள் இருந்தோம் என்றால் சிரிக்கிறார்கள். "மூச்சு வுடட்டும்டா" என்ற உன் சொல்லைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதைக் கேட்டவர்களில் என்னைத் தவிர ஒருத்திதான் மிச்சம். போன தையில் மகனோடு வந்து, அந்த மாடிக்கு எதிரே நின்று, "இங்க ஒரு மாட்டுக் கொட்டாய் இருந்துதே, எங்க?" என்று கேட்டாளாம். உன் சுண்ணாம்புச் சுவருக்குள் இருமல் நின்று தூங்கிய ராஜம்.