மூணு மணி மம்மி

ஸ்டீவ்,

சங்கரா மீனுக்கு மஞ்சத்தூள் மட்டும் தடவி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். மசாலா போட்டுப் பொரிச்சுக்கோ. ஒரு மணிக்கு ஜெனியை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துடு. எனக்கு இன்னிக்கு டீச்சர்ஸ் மீட்டிங், வர அஞ்சு ஆகும். சாவி ஷூ ரேக்குல.

நேத்து நான் கத்தினது தப்புதான். ஆனா "நீயே செஞ்சுட்டு மறந்துட்டே"ன்னு நீ சிரிச்சதும் தப்பு. ஃப்ரிட்ஜ் கதவுல என் அட்டவணையைப் பாரு. காலையில உடம்புல தெம்பு இருக்கு, அதனால சமையல், நோட்டு திருத்தறது எல்லாம் அப்போ. மூணுலேர்ந்து நாலு வரைக்கும் ஓய்ஞ்சு போயிடறேன். அங்க 'படு'ன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். பத்து நாளா படுத்துதான் எழுந்திருக்கேன். எழுந்தா யூனிஃபார்ம் தேய்ச்சிருக்கு, டிபன் டப்பா கழுவியிருக்கு. நான் செய்யல.

காலையில ஜெனியைக் கேட்டேன். "மூணு மணி மம்மிதான் செய்வாங்க. நீ தூங்குறப்ப எனக்குத் தலை பின்னி விடுவாங்க. திட்டவே மாட்டாங்க. எப்பவும் மூணு மணியாவே இருந்தா நல்லா இருக்கும்"னு சொன்னா. எனக்கு அழுகை வந்துடுச்சு.

இன்னிக்கு மூணு மணிக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன். ஜெனியை உன் பக்கத்துலயே வச்சுக்கோ. அஞ்சுக்கு முன்னாடி நான் வந்தா கதவைத் திறக்காதே.

ஐவி

பி.கு: கிளம்புறப்ப ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மீனுக்கு மசாலா தடவியிருக்கு. நான் தடவல, நீ இன்னும் தூங்கிட்டுதான் இருக்கே. மணி இப்போ காலையில எட்டுதான்.