முப்பத்தோராம் மைலில் ஒன்றுமில்லை

2019 பிப்ரவரி 5, செவ்வாய்

ஜேம்ஸுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. மலையில் இல்லை, காட்டில் இல்லை. யாங்கோனில், இன்சீன் சந்தை வாசலில், முட்டைக்கோஸ் ஏற்றிய தள்ளுவண்டியில் மோதி.

எங்கள் சுற்றுலாக் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப் போகிறவன் அவன் ஒருவன்தான். புதிய வழி ஒன்றைப் பார்த்துவர அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தான். ப்யேக்குக் கிழக்கே பவுக்கவுங்கில் தொடங்கி, பெகு யோமா மலைக்காட்டைக் குறுக்கே கடந்து தவுங்கூ வரை. மார்ச் முதல் வாரத்துக்குள் வழித்தாள் வெளிநாட்டு ஏஜெண்டுகளுக்குப் போகவேண்டும். புது வழி இல்லாவிட்டால் சைக்கிள் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி தேவநேசன் சார் போன மாதமே சொல்லிவிட்டார். மூடினால் வெளியே போவது மூன்று பேர்: ஜேம்ஸ், மெக்கானிக் தவ்ஹீத் பாய், நான்.

"இப்ப யாரு போறது?" என்றார் சார்.

"நான் போறேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

பதினோரு வருடமாக வழித்தாள் தட்டச்சு செய்கிறேன். 'மேடு, 3 மைல்.' 'செங்குத்தான இறக்கம், கவனம்.' 'வனம் தொடங்குகிறது.' நான் மேட்டையும் பார்த்ததில்லை, வனத்தையும் பார்த்ததில்லை. தின்கன்ஜூன் வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து தின்கன்ஜூன். பஸ்.

பிப்ரவரி 6

வீட்டில் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து, "உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா சத்யா?" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம்.

பிப்ரவரி 10, ஞாயிறு

சார் ஏற்பாட்டை முடித்துவிட்டார். தவ்ஹீத் பாயும் நானும் சைக்கிளில், சாமானோடு ஒரு பிக்கப் முன்னால். பாய் இன்று கியர் சைக்கிள் இரண்டு கொண்டுவந்தார். பெரிய ரோடுகளில் சைக்கிளை விடமாட்டார்கள். சந்து சந்தாக மிங்கலாடோன் வரை போனோம். அங்கே ரயில்பாதைக்கு மேல் ஒரு பாலம். யாங்கோனில் எங்களுக்குக் கிடைத்த மலை அதுதான். ஏழு முறை ஏறி இறங்கினேன்.

பாய் மூன்றாவது முறையிலேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறார், ஓட்டுவதில்லையாம்.

"ரேடியோ ரிப்பேர் பண்றவன் பாட்டும் பாடணுமா தங்கச்சி?"

பிப்ரவரி 18

பவுக்கவுங். பஸ்ஸிலும் பிக்கப்பிலுமாக நாள் முழுக்க. கிழக்கே ஒரு நீலக்கோடு தெரிகிறது. மேகம் என்று நினைத்தேன். மலையாம்.

பிப்ரவரி 19

ஆக, மேடு என்றால் இதுதான்.

காலையில் வயல்கள் முடிந்ததும் ரோடு நிமிர்ந்தது. முதல் அரை மைலில் தொடை எரிந்தது, அப்புறம் நெஞ்சு, அப்புறம் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம். இறங்கித் தள்ளினேன். ஏறினேன். மறுபடி தள்ளினேன். பின்னால் பாய் உருது, பர்மியம், தமிழ் என்று மூன்று பாஷையிலும் சைக்கிளைத் திட்டிக்கொண்டு வந்தார்.

உச்சியில் நின்று திரும்பினேன். வந்த ரோடு கீழே ஒரு நூல். அதற்கு அப்பால் மலை, மலைக்குப் பின்னால் இன்னும் மங்கலாய் ஒரு மலை, அதற்கும் பின்னால் — எண்ணுவதை விட்டுவிட்டேன். இவ்வளவு பெரியதை இரண்டு எழுத்தில் அடித்துவிட்டு மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

இருபது மைல். ஊர்த்தலைவர் வீட்டில் தங்கல். எழுத்து கோணலாக வருகிறது.

பிப்ரவரி 20, புதன்

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரை. தேக்கெல்லாம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கிறது. ரோடு முழுக்கத் தேக்கிலை. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, டயர் ஏறினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். முப்பத்தோராம் மைலில் ஓலைக்கொட்டகை ஒன்று. டோ ச்சோ என்கிற அம்மா அங்கே தேநீரும் வறுத்த கடலையும் விற்கிறார். ஐம்பது வயதிருக்கும். பொம்பளை ஒருத்தி மலையில் சைக்கிள் ஓட்டி வந்ததைப் பார்த்துக் கடலையை இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

பாய் ரோட்டில் கிடந்த ஒரு காயை எடுத்தார். அதற்கு இரண்டு நீளமான சிறகுகள். மேலே வீசினால் சுழன்று சுழன்று இறங்குகிறது. சுற்றி நிற்பதெல்லாம் தேக்கு, இது எங்கிருந்து வந்தது? டோ ச்சோ சிரித்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

அரை மைல் சைக்கிளைத் தள்ளினோம். ஓடைப் பள்ளத்தில் இறங்க இறங்க வெயில் குறைந்தது, காற்று குளிர்ந்தது. எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அது வளைந்திருப்பதைப் பார்த்தேன்.

மரம்.

கன்யின் மரமாம். ஒன்றில்லை, ஒன்பது, நடுவில் நின்றது எல்லாவற்றிலும் பெரியது. வேரிடுக்கில் காவல் தெய்வத்துக்குச் சின்னக் குடில், அதற்குள் ஒரு தேங்காய், சிவப்புத் துணி. கிளை எங்கே தொடங்குகிறது என்று அண்ணாந்தேன். தொடங்கவில்லை. இன்னும் அண்ணாந்தேன். இன்னும் தொடங்கவில்லை. கழுத்து வலித்தது. மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டேன். நாற்பத்துமூன்று வயது, இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் — வெட்கமே வரவில்லை. வெகு உயரத்தில் இலைகள் ஆடின. கீழே ஒரு பொட்டுக் காற்றில்லை. அங்கே நடப்பது வேறு நாள், வேறு பருவம். சிறகுக்காய் ஒன்று கிளம்பியது. அது சுழன்று சுழன்று தரையைத் தொடுவதற்குள் நான் நாலு முறை மூச்சு விட்டுவிட்டேன்.

அழுகை வந்தது. துக்கம் இல்லை. பிறகு என்ன? நான் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை காலையிலும் இது இங்கே நின்றிருக்கிறது. என் அம்மா பிறக்கும் முன்னும், அவள் அம்மா பிறக்கும் முன்னும். எனக்குச் சொல்ல ஒரு ஆளில்லை.

பாய் சுற்றி நடந்து காலடி எண்ணினார். பதினாலு. நம்பாமல் மறுபடியும் நடந்தார். "எங்க வீட்டு அடுப்படி முழுசும் இதுக்குள்ள அடங்கிரும் தங்கச்சி." அப்புறம் வாய்க்குள்ளேயே ஏதோ ஓதினார்.

நான் படுத்துக் கிடந்ததை அவர் தள்ளிப் போய்ப் படம் எடுத்தார். நான் எழுந்து நோட்டை எடுத்தேன். டோ ச்சோ, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். வழி எழுதுகிறேன், வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்றேன்.

அவர் முகம் மாறியது. ஓடைக்குக் கீழே இதே மாதிரி ஒன்று இருந்ததாம். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். மழை முடிவதற்குள் ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். வெட்டக்கூடாது என்று அரசு உத்தரவு இருக்கிறது. மூன்று நாள் ரம்பச் சத்தமும் கேட்டது. அடிக்கட்டையைக் காட்டினார். பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்.

எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. "எழுதத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

நோட்டை மூடிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். சில மைல் தாண்டியதும் பாய், "இது ஒன்னு போதும் தங்கச்சி, ஏஜெண்டுங்க ஓடி வருவானுங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "அதான் பயமா இருக்கு" என்றார்.

பிப்ரவரி 21

தவுங்கூ. முடித்துவிட்டோம். கடைசி இறக்கத்தில் பிரேக்கைத் தொடவில்லை. வாய்விட்டுக் கத்தினேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

வீடு. பாய் அனுப்பிய படத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். டோ ச்சோ சொன்னதையும் சொன்னேன்.

"ஒரு மரம்தானே? போட்டுட்டுப் போ. வேலை முக்கியம்" என்றபடி போனை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"இதுல நீ எங்க இருக்க?"

"அடியில, நீலமா ஒரு பொட்டு தெரியுதே..."

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சீரியல் தொடங்கியது, நிமிரவில்லை. கடைசியில் போனை என் கையில் கொடுத்து, "சாருக்குக் காட்டாத" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அழித்தேன். பாய்க்குப் போன் செய்தேன். அவர் தவுங்கூவிலேயே அழித்துவிட்டாராம்.

பிப்ரவரி 25, திங்கள்

சைக்கிளில் கட்டியிருந்த ஜிபிஎஸ் கருவியை மறந்தே போனேன். போன இடமெல்லாம் திரையில் சிவப்புக் கோடு. தேவநேசன் சார் பேனா முனையால் தொட்டுக்காட்டினார்.

"முப்பத்தோராம் மைல்ல ரோட்டை விட்டு உள்ள போயிருக்கீங்க. ரெண்டு மணி நேரம். அங்க என்ன?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"பஞ்சர் சார்" என்றார் பாய். "ஒட்டு நிக்கல. ஓடைத் தண்ணியில முக்கிப் பார்க்க உள்ள போனோம். என் தப்புதான்."

"ஒரு பஞ்சருக்கு ரெண்டு மணி நேரமா? நீங்களா பாய்?"

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜேம்ஸ் கட்டுப்போட்ட கையோடு சிரித்தான். பாய் ஒரு டியூபை ஆறு நிமிடத்தில் ஒட்டுகிற மனிதர். அந்தச் சிரிப்பை அவர் அப்படியே வாங்கிக்கொண்டார்.

சார் என்னைப் பார்த்தார். "இந்த வழியில காட்ட ஒன்னுமே இல்லியா சத்யா?"

"மேடு இருக்கு சார். நிறைய மேடு."

மார்ச் 4

வழித்தாள் அனுப்பியாகிவிட்டது. '31 மைல்: தேநீர்க் கடை. தண்ணீர் நிரப்பிக்கொள்ளவும்.' இந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மற்ற இடங்களுக்கு நீளமாகவே எழுதினேன் — நொறுங்கும் இலை, மலைக்குப் பின்னால் மலை, காதுக்குள் ஓடும் ரத்தம். சார் படித்துவிட்டு, இது வழித்தாள் மாதிரியே இல்லை என்றார். ஆனால் ஒரு வரியையும் அடிக்கவில்லை.

மூன்று பேர் வேலையை நான் ஒருத்தி விளையாட்டாக எடுத்துக்கொண்டேனா? ஜேம்ஸுக்கு ஒரு வயதுக் குழந்தை. அவனிடம் கேட்காமல் இதைச் செய்தேன்.

ஜூலை 16

மழை. ஒரு ஏஜெண்டும் பதில் போடவில்லை. பாய் இன்சீனில் ரிப்பேர்க் கடை போட இடம் பார்க்கிறார்.

செப்டம்பர் 9, திங்கள்

ஒரே ஒரு பதில். ஆறு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். காட்ட ஒன்றுமில்லையே என்று சார் தயங்கித் தயங்கி எழுதினாராம். எங்களுக்கு வேண்டியது மேடுதான் என்று பதில் வந்திருக்கிறது.

இந்தக் குளிர்காலம் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் சார். அதற்குமேல் வாக்குக் கொடுக்கவில்லை. ஜேம்ஸால் இன்னும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அவன் ஆபீஸில் என் மேஜையில் உட்காருகிறான். கூட்டிப் போவது நான்.

நவம்பர் 26, செவ்வாய்

பவுக்கவுங்கிலிருந்து இரண்டாம் நாள். நான் முன்னால், ஆறு பேர் பின்னால், கடைசியில் பிக்கப்பில் பாய். தேக்கெல்லாம் இன்னும் பச்சை. டோ ச்சோ கடையில் தேநீர் குடித்தோம். அவர் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கடலை அளந்து போட்டார். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. கோப்பையை வாங்கும்போது மட்டும் என் விரலை ஒரு கணம் பிடித்தார்.

கிளம்பி ஏறத் தொடங்கியதும், வெள்ளை முடி அம்மா ஒருத்தி என் பக்கத்தில் வந்து, இந்தக் காட்டில் ரொம்பப் பெரிய மரங்கள் உண்டா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"உண்டு" என்றேன்.

"எங்கே?"

"உள்ளே."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மேடு நிமிர்ந்துவிட்டது. இருவருக்கும் பேச மூச்சில்லை.