இடம் மாறிக்கொண்டே இருந்த மேசை

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, அப்பாவின் முழங்கால் வலி, மூவரும் சுகம். நீயும் சளி இருமல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று அப்பா கேட்கிறார். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், அதுதானே நம் வீட்டு வழக்கம். இதை நான் முழுதாகச் சொல்லவேண்டும், நீ குறுக்கே பேசக்கூடாது, அதற்குக் கடிதம்தான் சரி. மாதக் கடைசிக்குள் அந்த அலுவலக வேலைக்குச் சம்மதம் சொல்லப்போவதாகச் சொன்னாயே, இதைப் படித்து முடிக்கும்வரை அவர்களுக்கு எந்தப் பதிலும் எழுதாதே.

உன் வேலையைப் பற்றி நான் பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரே தொழில்காரர்கள் கூடும் பெரிய கூட்டங்களில், கம்பெனி கூட்டாளி என்று யாரும் இல்லாமல் தனியாக வருகிறவர்களை மற்றவர்களோடு பேச வைப்பதுதான் என் வேலை என்று நீ முதன்முதலில் சொன்னபோது, பேச வைக்க ஒரு ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று சிரித்தேன். ஒருநாள், இன்னைக்கு ஒரே மேசைய எட்டுத் தடவ தூக்க வச்சேம்மா என்று பூரிப்பாகச் சொன்னாய். நான் பாதிதான் காதில் வாங்கினேன், உன்னைப் படிக்க வைத்தது மேசை தூக்கவா என்று கத்திவிட்டு, போனை வைத்ததும் அழுதேன். சித்தி கேட்கும்போதெல்லாம் ஏதோ மண்டபத்தில் நிர்வாகம் பார்க்கிறாள் என்று மென்று முழுங்கினேன். போன தடவை பேசும்போது நீ, சரிம்மா, நாற்காலியில ஒக்காந்து பாக்குற வேலையே கெடச்சிருக்கு, இனிமே சித்திகிட்ட தைரியமா சொல்லலாம் என்றாய். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நம் தையல்காரரை உனக்குத் தெரியும், உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தவர். போன வருஷம் ஒரு விபத்தில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது, என்னிடம்தான் வந்தார். முப்பத்தொரு வருஷமாக அந்த ஒற்றை அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து செயற்கைக் கண் செய்கிறேன், இவருக்கு மட்டும் மூன்று தடவை செய்தும் அமையவில்லை. மேல் இமை தொங்கிக்கொண்டே இருக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது, மனிதர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அளவெடுக்க வருகிறவர்களை அவர் மனைவிதான் பார்க்கிறாள். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? இந்தத் தொழிலில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கண் செய்கிறவர்கள் எல்லாரும் கூடும் மாநாட்டுக்கு வருஷா வருஷம் அழைப்பு வரும், நான் அதை வண்ணம் கலக்கும் மேசைக்கு விரிப்பாகப் போட்டுவிடுவேன். இந்த முறை அப்பா எனக்குத் தெரியாமலே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், போய்க் கேட்டுட்டு வா என்று ரயிலிலும் ஏற்றிவிட்டார்.

ஆறு மணி நேரப் பயணம். அந்த மண்டபத்துக்குள் காலை வைத்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முந்நூறு பேர், எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு கூட்டத்தில்கூட என் தோள் நுழைகிற இடைவெளி இல்லை. கழுத்தில் பெயர் அட்டை ஒன்று மாட்டிவிட்டார்கள், அதைப் புரட்டி மார்போடு ஒட்டிக்கொண்டேன். நான்கு கோப்பை தேநீர் குடித்தேன். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்ததை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். கழிவறைக்கு மூன்று தடவை போய்க் கை கழுவினேன். கை கழுவியே தோல் உரிந்துவிடும் போலிருந்தது, மதிய ரயிலுக்குத் திரும்பிவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டிவிட்டேன். தையல்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒன்றுதான் காலைக் கட்டிப்போட்டது.

அப்போதுதான் கையில் மஞ்சள் பட்டை கட்டிய ஒரு பெண் அவசரமாக வந்து, அம்மா, கொஞ்சம் கை குடுக்கிறீங்களா, இந்த மேசைய அந்தத் தூணுக்குப் பக்கத்துல போடணும் என்றாள். ஏன் தனியா நிக்கிறீங்க என்று கேட்டிருந்தால் செத்தே போயிருப்பேன். வேலை என்றதும் கை தானாக நீண்டது. மறுமுனையைப் பிடிக்க, ஜன்னலோரம் தனியாக நின்ற உயரமான மனிதர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் பின்பக்கமாக நடக்கவேண்டும், நான் வழி சொல்லவேண்டும். மேசை தூக்கினால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது? அதிலும் நான் எந்த முகத்தைப் பார்த்தாலும் நேராகக் கண்ணில் போய்த்தான் நிற்பேன், ஆட்களை முறைச்சுப் பாக்குற என்று நீயே எத்தனை தடவை கடிந்திருக்கிறாய். பார்த்தால் அந்த மனிதரும் என் கண்ணையே உற்றுப் பார்க்கிறார்! தொழில் புத்தி. இடது பக்கம் நாற்காலி இருக்குங்க, பாத்து, என்றேன். அந்த மண்டபத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அவருக்கு ஒரு கண் செயற்கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலது கண்ணின் வெள்ளையில் ஒரு சிவப்பு நரம்பு ஓடியது, நான் பட்டு நூலைப் பிரித்து ஒட்டுவேனே, அதைவிட மெல்லிசாக. இத்தனை நேர்த்தி யாருக்கு வரும் என்று மனசு அடித்துக்கொண்டது. மேசையை இறக்கி வைத்ததும் கேட்டே விட்டேன், உங்க வலது கண்ணு யார் கைவேலைங்க என்று. மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது கடவுள் செஞ்சதும்மா, இடதுதான் நான் செஞ்சது என்றார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், முப்பத்தொரு வருஷ ஆனை அங்கே தொப்பென்று விழுந்தது. தன் கண்ணைத் தானே, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்துச் செய்திருக்கிறார். இப்போது எழுதும்போதும் மெய் சிலிர்க்கிறது. அதற்குப் பிறகு எனக்கென்ன வெட்கம், தையல்காரர் கதை முழுவதும் கொட்டினேன். மேசை மேலேயே பென்சிலால் வரைந்து காட்டினார். கருவிழிக்கு மேலே அரிசி கனத்தில் ஒரு சின்ன மேடு வையுங்க, தொங்குற இமை அது மேல ஒக்காந்துக்கும், மேல் விளிம்ப இன்னும் மெலிசா தேயுங்க, அந்த எடத்துலதான் உறுத்தும், நீங்கள்லாம் வெளியேருந்து பாக்குறீங்க, எனக்கு உள்ளேருந்து தெரியும் என்றார்.

மகளே, நான் சொல்லவந்தது இதுவும் இல்லை, இதற்கு மேலே ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு மூலையில் உட்கார்ந்து அந்த மஞ்சள் பட்டைப் பெண்ணையே கவனித்தேன். நாங்கள் தூணுக்குப் பக்கத்தில் போட்ட அதே மேசையை இன்னும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வேறு இரண்டு பேர் தூணுக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள். அந்த மேசைக்கு அங்கேயும் வேலை இல்லை, இங்கேயும் வேலை இல்லை. வராத போனைக் காதில் வைத்துப் பேசுவதாக நடித்தவர், ஒரே தாளைத் திருப்பித் திருப்பிப் படித்த பெண், இப்படிப் பார்த்துப் பார்த்துக் கூப்பிடுகிறாள். கையில் கோப்பை இருந்தால் கூப்பிடுவதில்லை, அது காலியாகும்வரை காத்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒருவர்கூட மேசையை வைத்துவிட்டு உடனே பிரியவில்லை. எட்டுத் தடவ என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்துபோய் அவளிடம், எனக்கு அந்த மனுஷன்தான் வேணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும் என்று கேட்டேன். விண்ணப்பத்தில் எதைத் தெரிந்துகொள்ள வருகிறீர்கள் என்று ஒரு வரி இருந்ததாம், அப்பா அதில் தொங்கும் இமையைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த உயரமானவர், யாராவது ஏதாவது கேட்டால் சொல்வேன் என்று எழுதியிருந்தாராம். முந்நூறு பேர் எழுதினதையும் ரெண்டு தடவ படிச்சேம்மா என்றாள். கட்டுக்கட்டாகப் படிச்சு கண்ணு எரியுதும்மா என்று நீயும் சொல்வாயே, நான் சொட்டு மருந்து விட்டுக்கோ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவேனே. உங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று அவளைக் கேட்டேன். நான் எங்கயோ மேசை தூக்குறேன்னுதான் எங்கம்மா நெனச்சிட்டு இருக்காங்க என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை நீ கேலி செய்தாலும் சரி. என் பிள்ளை இத்தனை பெரிய வேலை செய்கிறாள், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தப்பு என்னுடையது. அந்த அலுவலக நாற்காலி உனக்கே பிடித்திருந்தால் போய் உட்கார், நான் தடுக்கவில்லை. எனக்காகவும் சித்திக்காகவும் போகாதே. சித்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன், வாயே திறக்காதவர்களை வாய் திறக்க வைக்கிறாள் என் மகள், என்னையே திறக்க வைத்த தொழில் அது என்று. உன்னையா என்று கேட்டு அவள் நம்பவே இல்லை.

தையல்காரருக்கு நான்காவது கண் செய்து கொடுத்துவிட்டேன். இமை பதவிசாக மேட்டில் உட்கார்ந்துகொண்டது, நீரும் நின்றுவிட்டது, கறுப்புக் கண்ணாடியை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். போன வாரம் கண் சரிபார்க்க அவர் வந்திருந்தபோது, புதிதாகக் கண் இழந்த பெண் ஒருத்தியும் இருந்தாள். இரண்டு தடவை வந்தும் தலை நிமிரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான். எனக்கு என்ன தோன்றியதோ, ஜன்னலடியில் கிடக்கும் பெஞ்சைக் கடிகாரத்துக்குக் கீழே போடவேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம் பிடியுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, அந்தப் பெண் பெஞ்சைப் பிடித்தபடியே நின்று அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, ரெண்டுல எதுங்க செஞ்ச கண்ணு என்று கேட்டாள்.

நீ நூறு வயது நன்றாக இரு, உன் கை பட்ட காரியமெல்லாம் துலங்கட்டும். நாள் முழுக்க நிற்கிறவள், மெத்தென்ற செருப்பு வாங்கிப் போட்டுக்கொள் என்று அப்பா மூன்றாவது தடவையாகச் சொல்லச் சொல்கிறார். நீ என்ன முடிவு செய்தாய் என்று மாதக் கடைசிக்குள் எனக்கு எழுது. பெஞ்சு இன்னும் கடிகாரத்துக்குக் கீழேதான் கிடக்கிறது, நாளைக்குத் தனியாக இரண்டு பேர் வருகிறார்கள், அதை ஜன்னலடிக்கே திரும்பப் போட ஒரு காரணம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இந்த வயதில் உன் தொழிலைக் கற்றுக்கொள்ளும்
உன் அம்மா