வாசலில் நின்றவர்

பென்டில் ஹில், சிட்னி
2 ஜூலை 1978

அன்பின் வைதேகி,

நானும் மகளும் சுகம். நான்கிங்கில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தீர். இங்கே இரண்டு கம்பளிச் சட்டையோடு குசினியில் நிற்கிறேன். புட்டு அவிக்கப் பழகிவிட்டேன். கல்லாய்த்தான் வருகிறது.

கௌசிக்கு நாலு வயதுதான், வாய் நாற்பது. நேற்று உம்முடைய படத்தைக் காட்டி, "இது ஆர், பிள்ளை?" என்று கேட்டேன். "அன்ரி" என்றாள், பெற்ற தாயை! சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது. சீனத்து அன்ரி, முதல் வருடப் படிப்பு முடிகிறதே, அடுத்த வருடம் என்ன பாடம்?

உம்முடைய
மகேந்திரராஜா

நான்கிங்
23 ஜூலை 1978

அன்புள்ள அத்தான்,

உங்களுக்குச் சிரிப்பு. அந்த "அன்ரி"யை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. படித்தது போதும். இரண்டாம் வருடத்தை விட்டுவிட்டு ஓகஸ்ட் கடைசியில் வந்துவிடுகிறேன். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை, பயமாய் இருக்கிறது.

நான் ஆராய வந்த பழைய பரீட்சை மண்டபத்துக்கு நேற்றும் போனேன். அரச உத்தியோகத்துக்காக ஆயிரமாயிரம் பேர் ஆளுக்கொரு சிற்றறையில் அடைந்து நாட்கணக்காய் எழுதிய இடம். இப்போது ஒரு காவல் கோபுரம்தான் மிச்சம்.

ஆனால் இந்தக் கிழமை நடந்த பல்கலைக்கழகப் பரீட்சைதான் மனதில் நிற்கிறது. பத்து வருடத்துக்கு மேலாய் நிறுத்தியிருந்ததைப் போன வருடம்தான் திரும்பத் தொடங்கினார்கள். அத்தனை வருடமும் வயலில் வேலை செய்தவர்கள், என் வயதுப் பெண்கள்கூட, பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தியின் புருஷன் கைக்குழந்தையோடு வாசலில் நின்றார். குழந்தை வீரிட்டது. அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். அவர் "போ, போ" என்று கையைக் காட்டிவிட்டு, குழந்தையோடு மரத்தடிக்குப் போய்விட்டார். அவள் உள்ளே போனாள்.

பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு வீட்டார் ஒரு பலகாரம் கொடுப்பார்கள். விடுதிச் சமையற்காரி எனக்கும் தந்தாள். அரிசிமாவை இளஞ்சிவப்பாக்கி, உள்ளே இனிப்புப் பயறு வைத்து அவித்தது. வந்து கௌசிக்குச் செய்து கொடுப்பேன்.

உங்கள்
வைதேகி

பென்டில் ஹில்
12 ஓகஸ்ட் 1978

என் வைதேகி,

சேலை கட்டிய எல்லாரும் அவளுக்கு அன்ரிதான். உம்முடைய அம்மாவின் படத்துக்கும் அதே பெயர். இதை எழுதாமல் விட்டது என் மடத்தனம்.

உம்முடைய பலகாரத்தை நாங்களே அவித்தோம். கேக்குச் சாயம் கூடிப்போய் இரத்தச் சிவப்பு, பயறும் வேகவில்லை. கௌசி இரண்டு தின்றுவிட்டு, "அம்மா சோதினைக்குப் போறாவோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப அம்மாக்கும் ஒண்டு வையுங்கோ."

வைத்திருக்கிறோம். பழுதாகிவிடும் என்றாலும் கேட்கிறாள் இல்லை.

நீர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். குழந்தையும் சில நாள் அழுகிறாள். ஆனாலும் அந்த மரத்தடி மனுசனை எனக்கு நன்றாய் விளங்குகிறது. பேராசிரியரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போம். பிள்ளை என்னிடம் இருக்கிறாள்.

அத்தான்